கோலை வைத்துவிட்டான்

1937 ஆகஸ்ட் 7, சனி

இன்றும் புழுக்கம். காலையில் கண்ட்ராக்டர் செல்லமுத்து ஆபீசுக்கு வந்தான். குளத்தூர்ப் பக்கம் ஆலங்கண்மாய்க் கரையை உயர்த்திக் கட்டும் வேலை முடிந்துவிட்டதாம். உதவி எஞ்சினியர் என்ற முறையில் நான் போய்ப் பார்த்து, வேலை சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். "ஐப்பசி மழைக்கு முன்னாடி பாத்துருங்கய்யா" என்றான். பார்க்கலாம் என்றேன்.

சாயங்காலம் அதே ஆளைக் கிளப்பில் வெள்ளைச் சட்டையும் சலவை வேட்டியுமாகப் பார்த்தேன். பில்லியர்ட்ஸ் கோப்பையின் அரையிறுதி. தாசில்தாரைத் திணற அடித்துவிட்டான். திருச்சியில் ரயில்வே வேலை எடுத்திருந்த காலத்தில் கற்றுக்கொண்டதாம். இந்த வருஷம்தான் கிளப்பில் சேர்ந்தவன். அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். அவனும் நானும்.

செக்ரட்டரி ரெங்கசாமிக்கு முகம் சரியில்லை. வக்கீல், காலேஜ் நாளிலிருந்து என் சிநேகிதன். "யாரைச் சேக்குறது, யாரை விடுறதுன்னு ஒரு வரைமுறை வேணாமாப்பா?" என்றான். சேர்த்தது அவனுடைய கமிட்டிதான். அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, சனி

ஜெயித்துவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் கிளப் பழக்கம் இது: தோல்வி நிச்சயம் என்று தெரிந்தபின் கடைசிவரை இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பந்தடிக்கும் கோலைச் சுவரோரத்து ஸ்டாண்டில் வைத்துவிட்டு எதிராளிக்குக் கை கொடுக்க வேண்டும். முந்தி நிற்பவன் "போதுமா?" என்று கேட்கக் கூடாது, அது அநாகரிகம். கோல் ஸ்டாண்டில் ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது. திரும்ப எடுக்க முடியாது. இதெல்லாம் தோற்கிறவனுக்கு ஏற்பட்ட மரியாதை. ஜெயித்துக்கொண்டிருப்பவன் கோலை வைத்து இதுவரை நான் பார்த்ததில்லை.

முதலில் நூறு எடுப்பவருக்குக் கோப்பை. அவன் எண்பத்தொன்று, நான் ஐம்பத்தெட்டு. அவன் முறை. சிவப்புப் பந்து மூலைப் பையின் வாயிலேயே நிற்கிறது, ஊதினால் விழும். குனிந்தான். கோலை இரண்டு தரம் முன்னும் பின்னும் ஓட்டினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோலின் நுனியை வேட்டியில் துடைத்தான். நேரே போய் ஸ்டாண்டில் வைத்துவிட்டான்.

எண்ணிக்கை சொல்லும் இன்னாசி வாயைத் திறந்தவன் திறந்தபடி நின்றான்.

"என்னய்யா இது?" என்றேன்.

"ஐயா ஜெயிச்சுட்டீங்க" என்று கை நீட்டினான். ஈரமான கை. ரெங்கசாமிதான் முதலில் தட்டினான், பிறகு எல்லாரும். நானும் அந்தக் கையைக் குலுக்கினேன். ஏன் குலுக்கினேன்? ஆட்டத்தை முடித்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லியிருக்கலாமே.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. யோசிக்க யோசிக்க ஒரே ஒரு காரணம்தான் தெரிகிறது. ஆலங்கண்மாய். கரையில் ஏதோ கோளாறு வைத்திருக்கிறான். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று ஊருக்கே தெரியும். அதனால் கோப்பையைக் கொடுத்திருக்கிறான். சாமர்த்தியசாலி! நாலு பேர் முன்னால் கொடுத்தான், நானும் நாலு பேர் முன்னால் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18, புதன்

ஆபீசில் இரண்டு குமாஸ்தாக்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கோப்பை விஷயமா? வேறா?

ஆகஸ்ட் 21, சனி

மீமிசலிலிருந்து பஸ்ஸில் ஒரு ஓலைக்கூடை இறால் வந்து இறங்கியிருக்கிறது. யார் அனுப்பியது என்று டிரைவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதா! தொடாதே என்றேன் பிரகதாம்பாளிடம்.

"ஏங்க, இவ்வளவு நல்ல எறாவ யாராச்சும் வேணாம்பாங்களா?"

"அந்தச் செல்லமுத்து அனுப்பியிருப்பான்."

"அவருதான்னு கூடையில எழுதியா ஒட்டியிருக்கு?"

தோட்டத்தில் புதைக்கச் சொல்லிவிட்டேன். தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் தோட்டத்தில்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

மைத்துனன் கண்ணுசாமி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "எறா எப்பிடி இருந்துச்சு மச்சான்? அக்காவுக்குப் பிடிக்குமேன்னு நாந்தேன் போட்டுவிட்டேன்" என்றான். பிரகதாம்பாள் என்னைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சுடா" என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவன் போன பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 4, சனி

ஆலங்கண்மாய். கரை முழுக்க நடந்தேன். இரண்டு இடத்தில் குழி வெட்டிப் பார்த்தேன். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, நன்றாகவே இடித்திருக்கிறான். கையால் உடைக்க முடியவில்லை. கல் பதித்ததிலும் குறை இல்லை.

குறை இல்லாத வேலைக்கு ஒருவன் எதற்காக ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்? நான் வெட்டாத இடத்தில்தான் இருக்கிறது. எங்கே வெட்டுவேன் என்று ஊகித்து அங்கெல்லாம் சரியாகச் செய்திருக்கிறான். கையெழுத்துப் போடவில்லை. "இன்னொரு தரம் பாக்கணும்" என்றேன். முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

செப்டம்பர் 20, திங்கள்

கிளப் சுவரில் தொங்கும் பலகையில் என் பெயரைத் தங்க எழுத்தில் எழுதிவிட்டார்கள். எனக்கு மேலே ஒரு ஜட்ஜ், அவருக்கு மேலே ஒரு ஐரோப்பியர். செல்லமுத்து அன்றிலிருந்து கிளப்புக்கு வருவதில்லை. காரியம் முடியும்வரை வராமல் இருக்கிறான் போலும்.

அக்டோபர் 9, சனி

கோர்வையாக எழுத வருமா தெரியவில்லை.

இரண்டாம் தரமும் ஒன்றும் அகப்படாமல், இன்று மூன்றாவது தரம் போனேன். மடைக்குப் பக்கத்தில், கரை நடுவில், ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொன்னேன். வெட்டினார்கள். ஒன்றுமில்லை. இன்னும் கீழே போங்கள் என்றேன். அப்போதுதான் செல்லமுத்து மண்வெட்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, மழை தலைக்கு மேல நிக்குது. மடையோரத்துல இப்பிடிக் கொத்திப் போட்டா கரை என்னாகும்? கீழ எத்தனை குடும்பத்து வெள்ளாமை கெடக்கு! நீங்க கேட்டதத்தான் நான் குடுத்துட்டேனே. இன்னும் என்னதான்யா வேணும் ஒங்களுக்கு?"

"நான் என்ன கேட்டேன்?"

"ஆட்டத்தைக் கேட்டீங்கல்ல."

"நானா? யார்ட்ட?"

"செக்ரட்டரி ஐயாகிட்ட. ஆட்டத்துக்கு முன்னாடி என்னை அங்கிட்டு வராந்தாவுக்குக் கூப்புட்டுப் போயிச் சொன்னாரு. 'ஆத்மநாதன் தோத்துட்டா ஒன் கரை பாஸாகாது. அவரு வாயவிட்டுக் கேக்க மாட்டாரு. நீயாப் பாத்து மரியாதையாக் கம்பை வச்சுரு'ன்னாரு. எண்பது வரைக்கும் மனசு வரலைங்கய்யா. அப்பறம் இந்தக் கரையை நெனச்சேன், வச்சுட்டேன். வச்சதுக்கப்பறமும் மூணு தரம் வந்து தோண்டுறீங்க. பசி அடங்கலையோன்னு நெனச்சேன்."

கூலியாட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை என்றேன். என் காதுக்கே அது பொய் மாதிரி ஒலித்தது. அவன் ஏன் நம்ப வேண்டும்? அவன் சொல்வதை நான் நம்பினேனா? முழுக்க இல்லை. திரும்பும்போது காரில் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்: இதுவும் ஒரு தந்திரமோ? ரெங்கசாமி மேல் பழி போட்டுக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறானோ?

அக்டோபர் 10, ஞாயிறு

ரெங்கசாமி வீட்டுக்குப் போனேன். கேட்டேன். முதலில் சிரித்தான். பிறகு, "அப்பிடியா சொன்னான்? படிக்காத பய, தப்பா வெளங்கிக்கிட்டான்" என்றான். நான் எழுந்திருக்கவில்லை. சிரிப்பு போயிற்று.

"என்னப்பா ஆத்மநாதா, ஒனக்காகத்தானே செஞ்சேன்! அந்தப் பலகையில யார் யாரு பேரு இருக்குன்னு பாத்தியா? அவங்கப்பன் கண்மாய் வேலையில கூடையில மண்ணு சுமந்தவன். அவன் பேரை அங்க எழுதச் சொல்றியா?"

"என் பேரைச் சொல்லி மெரட்டியிருக்க."

"சொன்னா என்ன? ஒனக்குக் கோப்பை கெடச்சுச்சு, கிளப்புக்கு மானம் நின்னுச்சு. யாருக்கு நட்டம்?"

காபி வந்தது. குடிக்கவில்லை.

அக்டோபர் 11, திங்கள்

கரை சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மடையோரக் குழியை நன்றாக இடித்து மூடச் சொல்லி ஆளனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் குடைகிறது. உதவி எஞ்சினியர் ஆன பிறகுதான் நான் பில்லியர்ட்ஸில் ஜெயிக்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் சாதாரண ஆட்டக்காரன். அந்த மரக்கடைக்காரர் போன வருஷம் என்னிடம் தோற்றாரே, நிஜமாகத் தோற்றாரா? ஓவர்சீயர்கள்? இன்னாசி எனக்குக் கூட்டி எண்ணியிருப்பானோ? ஒரு தரமாவது நான் ஜெயித்திருக்கிறேனா?

அக்டோபர் 16, சனி

கமிட்டியில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். என் பெயரை அழித்துவிடுங்கள், விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்ப ஆட விடுங்கள் என்றேன். யாரும் ரெங்கசாமியை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனே பதில் சொன்னான்: "கம்பு ஸ்டாண்டுல ஏறுனா ஆட்டம் முடிஞ்சுது. காரணம் கேக்குற வழக்கம் நம்ம கிளப்புல கெடையாது. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்." பெரியவர்கள் தலையாட்டினார்கள். தங்க எழுத்து அப்படியே இருக்கிறது. ரெங்கசாமி என்னைப் பார்க்காமல் வெளியே போனான். இருபது வருஷச் சிநேகிதம்.

அக்டோபர் 28, வியாழன்

நாலு நாளாக அடைமழை. காலையில் தந்தி வந்தது: ஆலங்கண்மாயில் கசிவு. எந்த இடம் என்று படிக்காமலே தெரிந்தது. நான் வெட்டிய குழி. ஈர மண்ணைக் கொண்டு அவசரத்தில் மூடியிருக்கிறார்கள். கரைக்கு வெளிப்பக்கம் நீர் ஊறி, கலங்கலாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேருமுன்பே செல்லமுத்து அங்கே இருந்தார். கையெழுத்து ஆகிவிட்ட வேலை. வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இடுப்பளவுச் சேற்றில் நின்று வரிசையாக மூட்டை கடத்துகிறவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மண்மூட்டை, வைக்கோல், கல். நானும் கோட்டைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றேன். மூட்டை மேலே மூட்டை. அரைநாள் ஆயிற்று, நீர் தெளிந்து நிற்க. கரை நின்றுவிட்டது. கீழே பயிர் அத்தனையும் பச்சை.

"நான் கேட்கலை. அது நெஜம்" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டே, "இப்ப நம்புறேன்யா" என்றார். "ஆனா அந்தச் சிவப்புப் பந்து இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"ஒரு நாள் வாங்க. ஆடுவோம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையில் ஏறினார்.

நவம்பர் 20, சனி

வந்தார்.

கோப்பைக்கு அல்ல, கிளப் பதிவுக்கும் அல்ல. ஆனால் செய்தி பரவி அறை நிறைந்துவிட்டது. ரெங்கசாமி வாசல் பக்கம் நின்றான். இன்னாசி எண்ணினான்.

ஆரம்பத்தில் அவர் ஒரு சுலபமான பந்தைத் தவறவிட்டார். எனக்கு உடனே பழைய சந்தேகம். வேண்டுமென்றே விட்டாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னைத் தலையெடுக்க விடவில்லை. நான் உட்காருவதும் எழுந்து ஒரு அடி அடிப்பதும் மறுபடி உட்காருவதுமாக இருந்தேன்.

தொண்ணூறைத் தாண்டினார். நான் நாற்பதைத் தொடவில்லை. கிளப் மரியாதைப்படி இதற்கு மேல் உட்கார்ந்திருப்பது அநாகரிகம். எழுந்து, கோலோடு ஸ்டாண்டை நோக்கி நடந்தேன். வாசலில் ரெங்கசாமி லேசாகத் தலையசைத்தான்.

"வைக்காதீங்கய்யா."

திரும்பினேன். செல்லமுத்து மேஜைக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தார், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வச்சுட்டீங்கன்னா எண்ண மாட்டாங்க. செத்த உக்காருங்க. நான் முடிச்சுக்கிறேன்."

கோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் மேஜையைச் சுற்றி வந்து, கோல் நுனியில் சாக்குக்கட்டி தடவி, நிதானமாக அடித்தார். சிவப்புப் பந்து மூலைப் பைக்குள் விழுந்தது.

"நூறு" என்றான் இன்னாசி. தேவைக்கு மேல் சத்தமாக.

நான் எழுந்து போய்க் கை நீட்டினேன். அவர் முதலில் கோலை மேஜை மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.