நிமிடத்துக்கு அறுபது பை

கடவுள் துணை
மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பை ஒட்டும் மெஷினை முதலில் ஓடவிட்டபோது இருந்தவர்கள்: உங்கள் கொழுந்தனார், எங்கள் மகன், மெஷின் பொருத்த வந்த மெக்கானிக், நான். நான்கு பேர்தான். சாமி படத்தை மெஷின் மேல் வைத்தால் அதிர்வில் விழும் என்று மெக்கானிக் சொன்னதால், எதிர்ச் சுவரில் மாட்டிக் கும்பிட்டுக்கொண்டேன்.

ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. பிளாஸ்டிக் சுருள் மேலிருந்து இறங்கி ஒரு குழாயைச் சுற்றிக்கொள்கிறது. முதுகை ஒட்டி, அடியை ஒட்டி, மிட்டாய் விழுந்ததும் வாயையும் ஒட்டி வெட்டிப் போடுகிறது. நிமிடத்துக்கு அறுபது பை. நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே ஒட்டினால் அதற்கு அரை மணி நேரமாகும்.

ஆனால் மூன்றாவது நிமிடமே நின்றுவிட்டது. மிட்டாய் எடைத் தட்டில் ஒட்டிக்கொள்கிறது. பாதிப் பையில் வெறும் காற்று. "இது மிட்டாயா, கோந்தாம்மா?" என்கிறார் மெக்கானிக். "அண்ணியக் கேளு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உங்கள் கொழுந்தனார் வெளியே நழுவிவிட்டார்.

வேலைக்காகத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். மகள் வீட்டுக்கு நாலு நாள் என்று போனீர்கள். இன்றோடு நாற்பத்தொரு நாள். கை வலி எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கை

மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எட்டரைக்கெல்லாம் அவரவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிறகு நானும் சுவரும்தான்.

மிட்டாய், தொட்டால் ஆறினது போலத்தான் இருக்கும். உள்ளே சூடு நிற்கும். நீ என்றைக்குப் பொறுத்தாய், இன்றைக்குப் பொறுக்க? சர்க்கரைத் தூளில் புரட்டி, தகர டின்னில் மூடி ஒரு நாள் முழுக்க வை. பிறகு இரண்டை உள்ளங்கையில் உலுக்கிப் பார். கல் மாதிரிச் சத்தம் கேட்டால் மெஷினில் கொட்டு.

கை வலி இல்லை. வேலை இருந்தால்தானே வலிக்க.

அக்கா

கடவுள் துணை
மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சத்தம் கேட்டது, கொட்டினோம். நேற்று மதியத்துக்குள் ஒன்பதாயிரம் பை; கழிவு பதினான்கு. மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டார். மகன் ஒருவனே பார்த்துக்கொள்கிறான்.

ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் வாங்கச் சொன்னது உங்கள் கொழுந்தனார் அல்ல, நான். பை ஒட்டும் கை சீலரை அழுத்தி அழுத்தி, ஒரு டம்ளரைத் தூக்கவே உங்களுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்றுதான் கேட்கவில்லை. மெஷின் வருகிறது என்று அவர் சொன்ன அன்று, "அப்போ நான் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். நான் வாயைத் திறக்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தினமும் சாமியிடம் சொல்லி அழுகிறேன். சாமியிடம் சொல்லி என்ன, உங்களிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

மறைக்காமல் எழுதுகிறேன்: இனி இங்கே உங்களுக்கு வேலை இல்லை. எனக்கும் இல்லை. எதிரே ஆள் இல்லாமல் உட்கார்ந்து நாள் முழுக்க அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வேலையும் இல்லாமல், சும்மா இருக்க, வருவீர்களா?

வந்தாலும் வராவிட்டாலும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை