மகளின் மெத்தையில் உறங்கிப்போனது குறித்து

அனுப்புநர்:
முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் தந்தை,
இரவுப் பேருந்து ஓட்டுநர்,
(தற்சமயம் விடுதிக்குள் நுழையத் தடை பெற்றவர்).

பெறுநர்:
காப்பாளர் அம்மையார் அவர்கள்,
கல்லூரி மகளிர் விடுதி.

பொருள்: சாட்சிப் பொருளாக எடுத்துவைக்கப்பட்டுள்ள மெத்தை, தலையணை, பூப்போட்ட போர்வை ஆகியவற்றை என் மகளிடம் திருப்பித் தரவும், என் மீதான தடையை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என்னைப் பற்றி விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் உத்தரவு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. மேற்படி உத்தரவில், "மாணவியின் தந்தை அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருந்தார்" என்று கண்டுள்ளது. படுத்திருந்தது உண்மை. போர்த்தியிருந்ததும் உண்மை. ஒளிந்திருந்தேன் என்பதை மட்டும் பணிவுடன் மறுக்கிறேன். ஒளிகிறவன் குறட்டை விடமாட்டான். இந்த உத்தரவின் காரணமாக என் மகள் இப்போது வெறும் இரும்புக் கட்டிலில் பாய் விரித்துப் படுக்கிறாள். நானோ இந்தக் கல்வியாண்டு முடியும்வரை அவளை வந்து பார்க்க முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி தங்கள் முன் வைக்கிறேன்.

2. எல்லாம் மெத்தைக் கடையில் தொடங்கியது. நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே இடுப்பைத் தொலைத்தவன். முதுகுக்குக் கீழே இருப்பது சரியில்லை என்றால் மனிதனுக்கு எதுவும் சரியில்லை என்பது என் அனுபவம். என் மனைவி பஞ்சு மெத்தைதான் வேண்டும் என்றார். பஞ்சு ஆறே மாதத்தில் நடுவில் குழி விழும், பிள்ளை அந்தக் குழிக்குள்ளேயே படித்துப் பட்டம் வாங்க வேண்டியதுதான் என்றேன். என் மகளுக்கு இந்த வாதத்தில் அக்கறை இல்லை. "எதுவா இருந்தாலும் சரிப்பா, பழுப்புக் கலர் மட்டும் வேணாம்" என்றாள். கடைசியில் அடியில் கெட்டியான நாரும் மேலே மெல்லிய ஸ்பாஞ்சும் வைத்த ஒரு மெத்தையில் மூவரும் உடன்பட்டோம். தலையணை உயரமாக இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பதால் தாழ்ந்ததாக ஒன்றைத் தேடி எடுத்தேன். கடையில் இருந்த தலையணைகளில் பாதியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்ததாக என் மனைவி இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதி இல்லை, சிலதான்.

3. மெத்தையில் படுத்துப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். "உறையைப் பிரிக்க முடியாது சார். கையால அழுத்திப் பாருங்க, போதும்" என்றார். "கையாலயா தூங்கப் போறா என் பொண்ணு?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே என் மனைவி, "இங்க மானத்தை வாங்காதீங்க. அங்க போய் விரிச்சுப்போட்டு நல்லா உருண்டு பாத்துக்கங்க, யாரு வேணாங்கறா" என்றார். இது அவர் என் மகளின் முன்னிலையில் அளித்த அனுமதி. பிற்பாடு அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை என்று மறுத்துவிட்டார் என்பதையும் நேர்மையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. சேர்க்கை நாளன்று இரவு முழுவதும் வண்டி ஓட்டி, காலையில் பணிமனையில் விட்டுவிட்டு, வீட்டில் முகம் மட்டும் கழுவிக்கொண்டு, மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு நேராக விடுதிக்கு வந்தேன். அன்று மாலை ஐந்து மணி வரை தந்தையர் அறைக்கு வரலாம் என்று தாங்களே அனுமதித்திருந்தீர்கள். வாசலில் இருந்த பலகையின்படி செருப்பைக் கீழேயே விட்டேன். கட்டில் ஒரு காலில் ஆடிற்று. அட்டையை மடித்து அடியில் கொடுத்தேன். மெத்தையை விரித்து, விரிப்பின் நான்கு முனைகளையும் இழுத்துச் செருகினேன். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததும் மகளும் மனைவியும் போனார்கள். என் கைப்பேசியும் மனைவியின் பையோடு போயிற்று. அறையில் யாரும் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம் என்று படுத்தேன். மல்லாந்து படுத்தேன், முதுகில் எதுவும் உறுத்தவில்லை. பகலில் தூங்குகிறவன் என்பதால் வெளிச்சம் கண்ணில் விழாதபடி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வது என் வழக்கம். கை தானாக இழுத்துவிட்டது. வலப்பக்கம் திரும்பினேன், கட்டில் சத்தம் போடவில்லை. இடப்பக்கம் திரும்பினேன். அதன் பிறகு நடந்தது எனக்கு நேரடியாகத் தெரியாது. மெத்தை நல்ல மெத்தை என்பது மட்டும் உறுதி.

5. இதற்கு மேல் நடந்ததை என் மகளின் அறைத்தோழியான இரண்டாமாண்டு மாணவி கொடுத்த விளக்கத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அந்தப் பிள்ளை அறைக்குள் வந்தபோது புதுக் கட்டிலில், பூப்போட்ட போர்வைக்குள், யாரோ சுருண்டு படுத்திருப்பதைக் கண்டிருக்கிறது. நான் ஒடிசலான ஆள். புதிதாக வந்த பெண் வீட்டை நினைத்து அழுது அப்படியே தூங்கிவிட்டாள் என்று அது முடிவு செய்ததில் குற்றம் காண முடியாது. சன்னலைச் சாத்தியிருக்கிறது. மின்விசிறியைக் குறைத்திருக்கிறது. தலைமாட்டில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வைத்திருக்கிறது. எட்டிப்பார்த்த பெண்களிடம், "சத்தம் போடாதீங்கடி, புதுப் பொண்ணு, பாவம்" என்று சொல்லியிருக்கிறது. குறட்டை பற்றி ஒருத்தி கேட்டதற்கு, "அழுதா மூக்கடைக்காதா?" என்று எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறது. இப்படி ஒரு பிள்ளையோடு என் மகள் தங்குவது எங்கள் பாக்கியம்.

6. ஐந்து மணிக்கு மணி அடித்ததும் ஆண்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்களா என்று வாயிற்காவலர் அம்மா முறைப்படி கேட்டிருக்கிறார். அதற்கு, படம் எடுக்கும் வரிசையிலேயே மாலையாகி அறைக்குத் திரும்பியிராத என் மனைவியே, "எங்க வீட்டுக்காரர் எப்பவோ போயிட்டார். கழுதை கெட்டா குட்டிச்சுவரு, இவரு கெட்டா டீக்கடை" என்று சாட்சி சொல்லிவிட்டு, எதிரே உள்ள தேநீர்க் கடையில் என்னைத் தேடப் போயிருக்கிறார். ஆகவே காவலர் அம்மாவின் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் உள்ளே போக மாட்டேன் என்று என் மகள் வாசலிலேயே நின்றிருக்கிறாள். நான் உள்ளே, அவள் வெளியே.

7. அம்மையீர், விசாரணையின்போது தாங்கள் போர்வையை விலக்கும்வரை நான் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அது முழு உண்மையல்ல. புதுப் பெண் அழுகிறாள் என்று கேள்விப்பட்டுத் தாங்கள் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபோதே எனக்கு விழிப்புத் தட்டிவிட்டது. எங்கே இருக்கிறேன் என்று புரிவதற்குள் தாங்கள் என் தோளைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். "எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தாம்மா இருக்கும். பழக்கமில்லாத வீடு, பழக்கமில்லாத ராத்திரி. அப்பா அம்மா எங்கயும் போயிடலை, இருக்கற இடத்துலதான் இருக்காங்க. நீ பாட்டுக்குச் சாப்பிடு, தூங்கு. அழுகை வந்தா அழு, அடக்காதே" என்று சொன்னீர்கள்.

என் மகள் கிளம்பும்போது அழவில்லை. பெட்டியை அவளே தூக்கினாள், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். போக வேண்டிய பிள்ளையே சிரிக்கும்போது மீசை வைத்தவன் அழுதால் நன்றாகவா இருக்கும் என்று நானும் மெத்தை, தலையணை, கட்டில் கால் என்று எதையாவது பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தால் அழு என்று அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. தாங்கள் சொன்னீர்கள், நான் அழுதேன். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழாமல் போனதற்குக் காரணம் அதுதான். வேறு உள்நோக்கம் இல்லை.

8. "என்னம்மா இப்படிக் குலுங்கிக் குலுங்கி அழறே" என்று தாங்கள் போர்வையை விலக்கியதும், உள்ளே மீசையைக் கண்டு அலறியதும் முற்றிலும் நியாயம். அறைத்தோழி என்னை என் மகளின் தலையணையாலேயே அடித்ததும் நியாயம். அந்த நிலையிலும் தலையணை நல்ல தேர்வு என்பதைக் கவனிக்கத் தவறவில்லை. அலறல் கேட்டு மாடி முழுவதும் திரண்டதும், நான் பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி வெளியே வந்ததும், அதைக் கண்ட என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வாசல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டதும் தாங்கள் அறிந்தவையே. தந்தையின் ஒழுங்கீனத்தை மகள் ரசித்தாள் என்று உத்தரவில் எழுதியிருக்கிறீர்கள். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

9. இனி விடுதிக்கு வர அனுமதி கிடைத்தால் பார்வையாளர் அறையோடு நின்றுகொள்வேன். அங்கே நாற்காலி இருந்தாலும் உட்காராமல் நிற்கச் சம்மதம். வேலையில் ஒரு நாளும் கண்ணயர்ந்தவன் இல்லை என்பதற்குப் பணிமனையில் விசாரித்துக்கொள்ளலாம்.

10. என் கோரிக்கைகள் இரண்டு: மெத்தை, தடை. இரண்டையும் ஏற்றால் என் குடும்பமே தங்களை வாழ்த்தும். ஒன்றைத்தான் ஏற்க முடியும், இன்னொன்று தண்டனையாக இருக்கட்டும் என்று தாங்கள் கருதினால், யோசிக்கவே வேண்டாம், மெத்தையைக் கொடுத்துவிடுங்கள். பாயில் படுத்தால் அவளுக்கு இடுப்பு வலிக்கும். கேட்டால் வலிக்கவில்லை என்பாள். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். தங்கள் விடுதித் தெரு வழியாகப் போகும் பகல் பேருந்துக்கு மாற்றித் தரும்படி பணிமனையில் இன்னொரு மனு கொடுத்திருக்கிறேன். அது கிடைத்துவிட்டால் தடையை மீறாமல், வண்டியை நிறுத்தாமல், வாசலைக் கடக்கும்போது ஒரே ஒரு ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டு போவேன். அதை மட்டும் பெரிய மனது வைத்துத் தடுக்காமல் இருக்குமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: விடுதிக்கு எதிரே, தேநீர்க் கடை.
நாள்: தடை தொடங்கிய மூன்றாம் நாள்.

இப்படிக்கு,
தாங்கள் தட்டிக்கொடுத்தவர்,
(ஒப்பம்)
மாணவியின் தந்தை.