கவிழ்ந்த தாழம்பூ பாட்டில்

என் அருமைக் கோமதிக்கு,

முதலில் நல்ல செய்தி. மண்ணூர்பேட்டையில் நம் தெருவுக்கும் கேபிள் டி.வி. வந்துவிட்டது. மற்றொரு செய்தி, நீ விட்டுப்போன சோப்பு வேலையை நான் செய்தேன். சிரிக்காதே.

எதிர்வீட்டு ராணியின் மகள் செல்விக்கு வளைகாப்பு. தாம்பூலப் பையில் வளையலோடு வைக்க உன் தாழம்பூ சோப்பு வேண்டும் என்று ராணி சொல்லியிருந்தாள் அல்லவா? நீ போன பிறகு, "கடையில வாங்கிக்கிறேன் அண்ணாத்தே, நீ இன்னாத்துக்கு செரமப்படுறே?" என்றாள். உன்னை நம்பிக் கேட்டவளுக்குக் கடை சோப்பா? "நானே செய்து தருகிறேன்" என்றேன். சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.

காஸ்டிக் சோடாவுக்குப் பயந்து ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். சோடாக் கரைசலையும் தேங்காயெண்ணெயையும் எடைபோட்டுக் கலந்து, கூழ் பதம் வரும்வரை கிளறினேன். அதுவரை குறையில்லை. வாசனைக்குத்தான் உன்னிடம் அளவே கிடையாதே! பாட்டிலைச் சாய்ப்பாய், முகர்வாய், போதும் என்பாய். நானும் ஒரு சொட்டு விட்டு, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி முகர்ந்தேன். இன்னொரு சொட்டு. மறுபடி முகர்ந்தேன். முகர முகர வாசனை குறைந்துகொண்டே போனது. மரத்துப்போனது என் மூக்கு என்று தெரியாமல் பாட்டிலையே கவிழ்த்துவிட்டேன். யாரையாவது கூப்பிட்டு முகரச் சொல்லக் கூச்சம். உனக்குத் தெரியாததா?

சோப்பு ஒரு மாதம் பலகையில் ஆறியது. கூடவே இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. வயதுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வளைகாப்புக்கு முந்தின வாரம் ராணி மகளோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னா அண்ணாத்தே, உள்ள தாழங்காடே கீதா?" செல்விக்கு ஏழாம் மாதமாகியும் மசக்கை விடவில்லை. "பெரிப்பா, கிட்ட வராதே!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள்.

"இத்த பையில வச்சா, வர்றவங்க அல்லாரும் இவளாட்டமே ஓடுவாங்க" என்றாள் ராணி.

புதிதாகச் செய்து ஆறவைக்க நாள் இல்லை. வாசனை சேர்க்காத சோப்பைத் துருவி இதோடு உருக்கினால்தான் வேகம் தணியும். அப்படிப்பட்ட கட்டிகள் வீட்டில் இருந்தன. தலைவலி என்று நீ வாசனை சேர்க்காமலே அச்சில் ஊற்றினாயே, அந்தக் கடைசிக் கட்டிகள். சிலவற்றில் உன் விரல் தடம்கூட இருந்தது. குளிக்க எடுக்க மனம் வராமல் உன் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தேன்.

உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "சோப்பு இன்னா கொலு பொம்மையா, வச்சுப் பார்க்க?" என்றுதானே?

கேரட் துருவியில் துருவினேன். வெந்நீரில் பாத்திரத்தை இறக்கி ராணி கிளறினாள். செல்வி வாசலில் நின்றே முகர்ந்து, "இன்னும் தூக்குது. போடு பெரிப்பா" என்றாள். போட்டேன். "இன்னும்." ஒவ்வொன்றாகப் போய், கடைசிக் கட்டியும் கரைந்த பிறகு அவள் உள்ளே வந்து பாத்திரத்தின் மேல் குனிந்தாள். ராணி கிளறுவதை நிறுத்தினாள்.

"பெரிம்மா சோப்பாட்டமே கீது" என்றாள்.

வளைகாப்பில் ஒரு பைகூட மிஞ்சவில்லை. எனக்கென்று ஒன்று எடுத்துவைக்கத் தோன்றவில்லை. இனி உன் கைபட்ட சோப்பு நம் வீட்டில் இல்லை கோமதி. ஆனால் இன்று காலை, எதிர்வீட்டில் யாரோ குளிக்கும்போது, லேசாகத் தாழம்பூ மணம் நம் கூடம்வரை வந்தது.

பிள்ளை பிறந்ததும் தொட்டில் போடுவதற்கும் சோப்பு வேண்டுமாம். செய்வேன். பாட்டிலைத் திறக்கும் முன்பே ராணியைக் கூப்பிடுவேன், தெருவுக்கே கேட்கும்படி. இது சத்தியம்.

உனக்கு வாழ்க்கைப்பட்ட
உன் மாமா,
சபாபதி