கேட்கிற மாத்திரை கையில் இருக்கும்போது

அன்பு மகள் சபினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

இங்கே உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்கிற குழுவில், டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவர் வேண்டுமென்று இவரைச் சேர்த்துவிட்டார்கள். சாதாரண ஆள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு போய், அங்கே கொடுக்கிற கேக்கைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு வருவார். போன கூட்டத்தில் எச்.ஐ.வி.க்கு ஒரு புது மாத்திரை வந்ததாம். இதுவரை எந்த மருந்தும் சாப்பிடாதவர்களுக்குச் சில வாரம் அதை மட்டும் கொடுப்பார்களாம், வேறு மருந்து படாத உடம்பில்தான் பலன் தெளிவாகத் தெரியுமாம். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் காகிதங்களில் பழகிய கை அல்லவா, 'படித்தேன், ஒப்புக்கொண்டேன்' என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். படித்தது கேக் பெட்டிமேல் இருந்த கடைப் பெயரை மட்டும்தான்.

மறுநாள் எதிர்வீட்டு அஞ்சலாட்சி இவர் சர்க்கரைக்கு நாவல்கொட்டைப் பொடி கொடுத்தாள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால்தான் பொடியின் பலன் தெரியும் என்றாள், நானும் இவரிடம் அப்படியே சொன்னேன். உன் அப்பா குதித்தார் பார், கேக்குற மாத்திரை கையில இருக்கும்போது என்னை வெச்சா சோதனை பண்ணிப் பாக்குற என்று தெருவே கேட்கக் கத்தினார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. அந்த எச்.ஐ.வி. ஜனங்களுக்கும்தான் கேக்குற மாத்திரை கவர்மெண்டுல சும்மாவே கெடைக்குது, அவங்களுக்கு மட்டும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாள்களை எடுத்துவைத்துப் படித்தார். புது மாத்திரை தோற்றுப்போய், கிருமி முரண்டு பிடித்தால் அப்புறம் பழைய மருந்துகூடக் கேட்காமல் போகலாம் என்று இருந்ததாம். கோட்டுகூடப் போடாமல் கிளம்பி, குழுத் தலைவர் டாக்டர் கோபிநாத்திடம் கையெழுத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அவர் முதலில் சிரித்தாராம், இவர் சொன்ன காரணத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கிறது, வேண்டாமென்று சொல்லலாம், நடுவில் விலகலாம் என்று தமிழில் வாசித்துச் சொல்லாமல் ஒருவரையும் சேர்க்கக் கூடாது, சேர்த்தாலும் புதியதை மட்டும் தனியாகக் கொடுப்பதா என்று மறுபடி கூடிப் பேச வேண்டும் என்று இப்போது அந்தச் சோதனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர்மேல் எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை, அதை அவரிடம் சொல்லிவிடாதே.

கர்த்தர் உங்களைக் காப்பார். நீயும் உன் அப்பா பெண்தான், எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
அன்பு அம்மா சிமோன்

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். கேக் விஷயத்தை அடிக்கச் சொல்கிறார், அடிக்க மாட்டேன். கீழே அவர் கையெழுத்து.

படித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா.