உங்களிடமிருந்து எடுத்த பல்லவி

அக்கா,

இன்று காலை ஆதார் நகல் எடுக்க அவனியாபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மெஷினிலிருந்து வந்த தாளைச் சூடாகக் கையில் வாங்கியதும் அந்த மை வாசம் மூக்கில் ஏறியது. நாகமலை புதுக்கோட்டையில் உங்கள் கடைக்குள் நிற்பது போலவே இருந்தது. எந்த முகத்தோடு அங்கே நிற்பது? தாளை மடிக்கக்கூட நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பாட்டெழுத வாய்ப்புத் தேடி அலைந்த காலத்தில் என் கிறுக்கலையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவர் நீங்கள். காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டோடு வரிசையில் நிற்க, "இருங்கப்பா, கவிஞர் நிக்கிறாரு" என்று என்னை ஓட்டுவீர்கள். ஒரு மதியம் கரண்ட் போய் மெஷின் நின்றுகிடந்தபோது, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னீர்கள். வேறொருத்தியோடு வாழப்போவதாகச் சொல்லி, உங்கள் கணவர் ஒரு நாள் பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாராம். நீங்கள் அழவில்லை, கத்தவில்லை.

"போறது போற, சாப்ட்டுட்டுப் போன்னேன் தம்பி. அன்னைக்குத்தான் மொதமொதல்ல அவர வா போன்னு பேசுனேன். அந்தாளும் உக்காந்து சாப்ட்டாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

அடுத்த வாரமே ஒரு படத்துக்கு எழுதச் சொல்லி எனக்கு ஒரு மெட்டு வந்தது. காதலி பிரிந்துபோகும் பாட்டு. மெட்டின் அளவு பிடிபடுவதற்காக முதலில் வாய்க்கு வந்த வார்த்தைகளைப் போட்டுப் பாடிப் பார்ப்போம். அதை டம்மி என்போம், பிறகு மாற்றிவிடுவோம். அன்று என் வாய்க்கு வந்தது, வாசலில் நீங்கள் அவரிடம் சொன்ன வார்த்தை. ஒரு எழுத்துக்கூட இடிக்கவில்லை. இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, "மத்தத என்னமும் பண்ணுங்கண்ணே. பல்லவில மட்டும் கை வைக்காதீங்க" என்றார். இது இன்னொருவர் வீட்டு விஷயம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம், அக்கா. அதுதான் உண்மை.

பாட்டு சக்கைப்போடு போட்டது. ஷேர் ஆட்டோவில் அதுதான். கல்யாண மண்டபங்களில் அந்தச் சோகப் பாட்டுக்குக் குத்தாட்டமே போட்டார்கள். உங்கள் கடை வாசலில் நின்றும் பையன்கள் பாடியிருப்பார்கள். நீங்கள் தலை நிமிராமல் பக்கம் எண்ணிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

டிவியில், அந்த வரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். "காளவாசல் பக்கம் பஸ்ல வரும்போது தானா வந்துச்சு" என்றேன், கொஞ்சமும் கூசாமல். மறுநாள் நீங்களே போன் செய்தீர்கள்.

"பேட்டி பாத்தேன் தம்பி. சட்டை நல்லாருந்துச்சு."

அவ்வளவுதான் பேசினீர்கள். திட்டியிருந்தால் ஓடிவந்து காலில் விழுந்திருப்பேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சாக்குதான். அதன் பிறகு உங்கள் கடைப் பக்கமே நான் வரவில்லை. நகல் எடுக்க வேறு கடை பார்த்துக்கொண்டேன்.

காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழவே இல்லை என்று கேள்விப்பட்டு, பதினாறாம் நாளுக்குத்தான் வந்தேன். உங்கள் மகள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மாவுக்கு ஒங்க பாட்டு அம்புட்டு இஷ்டம் மாமா. நான் ஹாஸ்டலுக்குக் கெளம்பும்போதெல்லாம், போறது போற, சாப்ட்டுட்டுப் போம்பாங்க. சினிமாப் பாட்டெல்லாம் எடுத்து விடாதம்மான்னு கிண்டல் பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே தட்ட வைப்பாங்க."

எடுத்தது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் அப்பா கிளம்பிப்போன அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அதை நீங்கள் அவளிடம் சொன்னீர்களோ இல்லையோ. அந்தக் காரணம் அப்போது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது. "அப்படியாம்மா" என்று கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

தன் அம்மா கடைசிவரை என் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார் என்று உங்கள் மகள் நம்புகிறாள், அக்கா. நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.