மூன்றாவது டிராக்டர்

பங்காருபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஹர்ஷினிக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முட்டிவலி கூட இந்தப் பத்து நாளாக எங்கே போனதென்று தெரியவில்லை. நீயும் ஜெர்மனியில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவளும் தான் செய்ததை விட்டுவிட்டு மீதியைச் சொல்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன், கை பரபரக்கிறது, எழுத்து கோணியிருந்தால் பார்த்துப் படி.

இந்த வருஷம் தோத்தாபுரி மாங்காய் எல்லார் தோட்டத்திலும் கிளை முறியக் காய்த்துவிட்டது. ஜூஸ் ஃபேக்டரி வாசலில் கால் மைலுக்கு டிராக்டர் வரிசை. நாங்கள் பிச்சாட்டூர் பழனியின் டிராக்டரை வாடகைக்கு எடுத்து, திங்கட்கிழமை காய் ஏற்றிக்கொண்டு போய் நின்றவர்கள், புதன்கிழமை காலையில்தான் ஏழாவது இடத்துக்கு வந்தோம். அடியில் இருந்த காய் கனிந்து சாறு ஒழுக ஆரம்பித்து, ஈ மொய்க்கிறது. அந்த நேரம் மேட்டுத் தோட்டத்துப் பெரியவரின் டிராக்டர் மூன்று, அன்றைக்குப் பறித்த காயோடு, வரிசையைத் தாண்டி நேராக கேட்டுக்குப் போயின. திங்கள் முதல் இது நாலாவது தடவை. கேட்காரன் சல்யூட் அடித்துத் திறந்துவிடுகிறான். வரிசையில் இருந்தவர்கள் பாதிப்பேர் நம் காலனிக்காரர்கள், ஒருத்தரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நானும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்.

அம்மா புளிச்சோற்றுத் தூக்கை மூடி, பக்கத்து டிராக்டரில் இருந்த ரத்னம்மா கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். இரண்டு டிராக்டர் உள்ளே போய்விட்டது, மூன்றாவதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அவள் அசையவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தோப்பு வழியாகத்தானே நம் நிலத்துக்கே போகிறோம், நாளைக்கு வழி வேண்டாமா என்றேன். அதற்கு உன் அம்மா சொன்னாள், “வழி ஓணும்னுதான் நின்னுக்கினு கீறேன். நீ பயந்தா ஓரமா போய்க் குந்து.”

பிறகு ரத்னம்மா தூக்கோடு வந்து பக்கத்தில் நின்றாள், கன்னியம்மாள் வந்தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினைந்து இருபது பெண்கள் ஆகிவிட்டார்கள். பெரியவர் காரில் வந்தார். இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கி, அம்மாவை ஏறெடுத்தும் பார்க்காமல் என்னிடம் தெலுங்கில் சொன்னார், உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போ, இல்லையென்றால் நாளையிலிருந்து என் தோப்பில் கால் வைக்காதே என்று. நாற்பது வருஷமாக அவர் எது சொன்னாலும் தெலுங்கிலேயே சரிங்கய்யா என்பதைத் தவிர என் வாயில் வேறு வந்ததில்லை. துண்டு தானாகவே தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, “அவ ஒண்ணும் தப்பா நிக்கல. உங்க வண்டி வரிசையில வரட்டும், நாங்களும் மாங்காதான் கொண்டாந்துகீறோம்” என்று சொல்லிவிட்டேன். அதுவும் தமிழில்.

கேட் அடைபட்டு உள்ளே மிஷின் நிற்கிற நிலை வந்ததும் மேனேஜர் கோகுலகிருஷ்ணன் வெளியே ஓடிவந்தார். வேலூர்ப் பக்கத்து ஆள். இனி வந்த வரிசைப்படிதான் டோக்கன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ரத்னம்மா சாக்பீஸ் வாங்கி ஒவ்வொரு டிராக்டரிலும் நம்பர் போட்டாள். அந்த மூன்றாவது டிராக்டர் பின்வாங்கி, வரிசைக் கடைசியில் நாற்பத்து மூன்றாவதாக நின்றது. உள்ளே போன இரண்டும் போனதுதான். நம் காயில் கால் பாகம் அழுகிவிட்டது என்று தள்ளிவிட்டார்கள், அதைப் பள்ளத்தில் கொட்டும்போதுதான் உன் அம்மா அழுதாள்.

மறுநாளே பெரியவர் சொன்னபடி தோப்பு வழியில் சங்கிலி கட்டிப் பூட்டிவிட்டார். பதினாலு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான் வழி. எல்லாரும் சேர்ந்து மண்டல ஆபீஸுக்கு அர்ஜி எழுதிக்கொண்டு போனோம். சர்வேயர் கிராம மேப்பை விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இது அவர் நிலமே இல்லை, அந்தக் காலத்திலிருந்தே அரசாங்க வண்டிப்பாதை, யாரைக் கேட்டு இத்தனை நாள் அவரிடம் விட்டுவைத்தீர்கள் என்று எங்களையே கேட்டார். ஹர்ஷினி, வருஷா வருஷம் முதல் கூடை மாம்பழத்தைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்து, வழிவிட வேண்டும் அய்யா என்று கும்பிட்டு நின்றவன் நான். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. முந்தாநாள் கல் நட்டுச் சங்கிலியை எடுத்துவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போவாராம், போகட்டும், மேப் நகல் பதினாலு வீட்டிலும் இருக்கிறது. நேற்று அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து பைக்கில் அந்த வழியாகவே போனேன், எதிரே அவர் நின்றிருந்தார், நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

கண்ணு, போன மாசம் நீ போனில் சொன்னாய், ஆஸ்பத்திரியில் உன்னை மாதிரி நம் ஊர் நர்சுகளுக்கே எப்போதும் நைட் டியூட்டி போடுகிறார்கள், அந்த ஊர்க்காரர்களுக்குப் போடுவதில்லை என்று. போன இடத்தில் வாயைத் திறக்காதே, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கூட இருக்கிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, எந்தப் பேப்பரில் அப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் கேள்.

நீ எல்லாச் சுகமும் பெற்று நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். மறக்காமல் கண் டாக்டரிடம் போ.

உன் நைனா,
வேங்கடாசலம்.