லின் சாரும் என் அமெரிக்காவும்

ஹேமாவுக்கு,

போனில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் உன்னைப்போலவே சீனாவுக்குப் பயிற்சிக்கு வரும் அஃப்ஷா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று வீடியோவில் அந்த ஷூ கம்பெனியைச் சுற்றிக் காட்டினாய். நம் ஆம்பூர் அளவுக்கு இருக்கிறது. பக்கத்தில் நின்ற, உனக்குப் பயிற்சி கொடுக்கும் லின் சார் ஏதோ சொல்ல, நீ அவர் மொழியிலேயே பதில் சொல்லிச் சிரித்தாய். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது என்று நான் கேட்கவில்லை.

காந்தஹாரில் அமெரிக்கப் படைமுகாம் சமையலறையில் ஒன்பது வருஷம் இருந்தேன். அந்தப் பாலைவனத்திலும் ஐஸ்கிரீம் தீராது. உலகத்தையே ஆளுகிறவர்களுக்குச் சோறு போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"உங்க அமெரிக்காக்காரங்க இருபது வருஷம் சண்டை போட்டாங்க, அதுக்குள்ள இந்த சீனாக்காரங்க ஃபேக்டரியா கட்டிக்கினாங்க" என்று நேற்று சொன்னாய். லின் சார் சொல்லிக்கொடுத்ததுதானே? உண்மைதான். அதனால்தான் எரிகிறது.

திங்கட்கிழமை இங்கே உன் கம்பெனி மேனேஜர் ஜெயசீலன் வீட்டுக்கு வந்தார். "ஹேமா இன்னும் ஆறு மாசம் அங்கயே இருந்தா லைன் இன்சார்ஜ் ஆக்கிடுவாங்க. இன்னா சொல்றீங்க?" என்றார்.

"அவ ஒத்துக்க மாட்டா சார்" என்றேன். உன்னைக் கேட்கவே இல்லை.

முகாமில் மூன்று முறை ஒப்பந்தத்தை நீட்டித்தபோதும் நான் உன்னைக் கேட்டதில்லை. இன்று காலை ஜெயசீலனிடம் போய், நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். நீயே பதில் சொல்லு. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லின் சாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் எழுது.

உன் வீட்டுக்காரன்